அப்பாவின் பெயருக்கு வந்த அட்டைகள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். பதுளை ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவர், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனிதர். ஓர் ஆண் பெயர், இரண்டு பெண் பெயர், மறுபடி ஓர் ஆண் பெயர். தடுமாற்றமே இல்லை. வலது கை மட்டும் போர்வைமேல் அசையாமல் கிடந்தது.

நான் அப்போது ஒரு தமிழ்த் தினசரிக்குப் பதுளை நிருபர். எழுபதுகளின் தொடக்கம், பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்ற காலம். முந்தின நாள் பெரகலச் சந்திக்குக் கீழே லொறி ஒன்று புரண்டு, பலமாகக் காயப்பட்டவர்களைப் பதுளைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எட்டு மணிக்குமுன் அவர்களுடைய பெயர்களைக் கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கட்டிலில் இருந்தவர் கூட வந்தவர்களின் பெயர்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பத்தொன்பதாவது பெயரில் ஒரு பெண் குரல் பின்னாலிருந்து வந்தது.

"எழுதாதீங்க. அவங்க எல்லாரும் இந்நேரம் பெரட்டுக்கு வந்து நிப்பாங்க. ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல."

அப்படித்தான் அந்த டொக்டரை அறிந்தேன். முப்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டின் பையில் மைக்கறை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெரிய கங்காணியுடைய மகள். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு படித்து, புலமைப் பரிசில் வாங்கி டொக்டரானவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கட்டிலில் இருந்தவர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை. இருபத்தாறு வருடம் ஒவ்வொரு நாள் காலையிலும் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்தவர். பாரிசவாதம் வந்து பேச்சு முழுவதும் போய்விட்டது. பெயர் என்ன என்று கேட்டால் வாயைத் திறந்து திறந்து மூடுவார். தண்ணீர் என்று சொல்லவும் வராது. ஆனால் விடிந்ததும் பெரட்டுப் பெயர் வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுகூட விடாமல் சொன்னார்.

அவருடைய மனைவி கொழுந்து எடுப்பவர். அவர் பெயரும் அந்த வரிசையில் இருந்தது. நேராகப் பார்த்து மனைவியை அழைக்க அவரால் முடியவில்லை. வரிசையில் அந்த இடம் வரும்போது அந்தப் பெயரையும் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அந்த அம்மா ஆறு மணிக்கே வந்து வாங்குப் பலகையில் உட்காருவார். தன் பெயர் வந்து போனதும் எழுந்து தேத்தண்ணிக் கடைக்குப் போவார்.

டொக்டர் எட்டு மாதம் அந்த மனிதரோடு உட்கார்ந்தார். வரிசையின் நடுவிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஒரு பெயரை வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிப் பார்த்தார். அவர் நிறுத்திவிட்டு, கோபத்தோடு முதலிலிருந்து தொடங்கினார். பேச்சு இழந்த ஒரு மூளையில் எது மிஞ்சுகிறது, அது எங்கே தங்குகிறது என்பது டொக்டரின் கேள்வி. அதைப் பற்றி ஆங்கிலத்தில் பதினொரு பக்கம் எழுதினார். தட்டச்சுப்பொறி என்னிடம் இருந்தது.

பஜார் வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நான் குடியிருந்தேன். கடைக்காரரை ஊரே நானா என்று கூப்பிடும். டொக்டர் சொல்லச் சொல்ல நான் தட்டியது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டாவது ஞாயிறு நானா படியில் பாதி ஏறி வந்து கேட்டார்.

"மேல என்ன தம்பி, துவக்கு வெடிக்குதா? கீழ சேலை பாக்க வந்த மனுசி பயந்து போயிட்டா."

"மூளையப் பத்தி எழுதுறோம் நானா."

"யாருட மூளைய? ஒங்கடதுன்டா ஒரு பக்கத்தில முடிஞ்சிருமே."

டொக்டர் சிரித்து, பிழையான ஒரு வரியை மறுபடி தட்ட வைத்தார். அந்த மூன்று ஞாயிறும் மழை. கூரைத் தகரத்தின் சத்தத்தில் அவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் தட்டிய எந்தச் செய்தியும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கடைசித் தாளில் இரண்டு விவரங்கள் மிச்சம் இருந்தன. எழுதியவரின் முழுப் பெயர் ஒன்று. வாசகர்கள் கடிதம் எழுதுவதற்கு நிலையான முகவரி ஒன்று. இரண்டையும், கட்டுரையை அனுப்பவிருந்த வெளிநாட்டு மருத்துவச் சஞ்சிகை கேட்டிருந்தது. "நீங்கதான் பேப்பர்காரர், உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி போடுங்க" என்று டொக்டர் சொன்னார்.

எங்கள் பத்திரிகையில் ஒரு விதி இருந்தது. முதலெழுத்தை அப்படியே விடக்கூடாது. யாராக இருந்தாலும் விரித்து எழுத வேண்டும். டொக்டரின் பெயருக்கு முன்னால் இருந்த ஓரெழுத்தை விரித்தேன். அது அவருடைய அப்பாவின் பெயர். ஆங்கிலத்தில் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் என்று மகளின் பெயரை முதலிலும் அப்பாவின் பெயரைக் கடைசியிலும் வைத்தேன். முகவரிக்கும் யோசித்தேன். அரசாங்க டொக்டர்களுக்கு நாலு வருடத்துக்கொருமுறை மாற்றம் வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்பிரிங்வெளி வீதியோரம் சின்ன வீடு கட்டிக்கொண்ட அப்பாவுக்கு மாற்றம் இல்லை. அவருடைய முகவரியைத் தட்டினேன்.

"அப்பா பேரு கடைசில நிக்குதே" என்றார் டொக்டர். "பரவால்ல. அவருக்கும் ஒரு மரியாத."

கட்டுரை அச்சானது. சஞ்சிகை இதழ் ஒன்றையும், கட்டுரை மட்டும் அச்சிட்ட ஐம்பது தனிப்பிரதிகளைத் தனிக் கட்டாகவும் சஞ்சிகைக்காரர்கள் கப்பல் தபாலில் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. சஞ்சிகை எல்லா நூலகத்துக்கும் போகாது. கட்டுரை வேண்டும் என்கிறவர், எழுதியவருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டுக் கேட்பார். எழுதியவர் ஒரு தனிப்பிரதியை அனுப்பி வைப்பார். எத்தனை அட்டை வருகிறது என்பதை வைத்து அந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று சொல்லிவிடலாம்.

அட்டை ஒன்றும் வரவில்லை. ஞாயிறுதோறும் அப்பாவைப் பார்க்கப் போகும்போது டொக்டர் கேட்பார். "எனக்குக் கடுதாசி ஏதும் வந்துச்சாப்பா?" "இல்ல புள்ள, உனக்கு ஒன்னும் வரல." இரண்டு வருடம் இதே கேள்வி, இதே பதில். ஐம்பது பிரதிகளும் விடுதி அலுமாரியில் மண்ணிறத் தாள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. கணக்கப்பிள்ளை இதற்கிடையில் இறந்துபோனார். டொக்டர் அடுத்த கட்டுரைக்கு எடுத்த குறிப்புகளை எழுதாமலே நிறுத்தி வைத்தார்.

பிறகு இரண்டு கடிதங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, கிழக்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற உத்தரவு. மற்றது, கொழும்பில் மூளை ஆராய்ச்சிக்கு ஒரு டொக்டரை எடுக்கிறார்கள், நேர்முகப் பரீட்சைக்கு வியாழக்கிழமை பத்து மணிக்கு வரவும் என்ற அழைப்பு. அதில் ஒரு வரியை டொக்டர் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். விண்ணப்பதாரர் செய்த வேலையை வேறு ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தியிருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டினால் கொழும்பு, காட்டாவிட்டால் அந்தச் சிறிய ஆஸ்பத்திரி. அங்கே போனால் மருந்து எழுதிக் கொடுக்கத்தான் நேரம் இருக்கும் என்றார்.

நேர்முகப் பரீட்சைக்கு முந்தின வாரம் பத்திரிகை வேலையாக நான் கொழும்பு போக வேண்டியிருந்தது. எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஆண்டுக்காண்டு அச்சிடும் தடித்த தொகுதிகள் அங்கே ஒரு நூலகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்ட டொக்டர், பார்த்துவரச் சொன்னார். பார்த்தேன். எறும்பு அளவு எழுத்து. டொக்டரின் பெயர் அங்கிருந்த மூன்று தொகுதியிலும் இல்லை. புத்தகத்தை மூடியபோது நூலகர் பக்கத்தில் வந்தார்.

"கட்டுரையில பேர் எப்பிடி அச்சாகியிருக்கு?" என்று கேட்டார்.

பையிலிருந்த சஞ்சிகை இதழைக் கொடுத்தேன். அவர் வேறொரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். அங்கே டொக்டருடைய அப்பாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஏழு வரிகள். ஏழு பேர் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் அப்பா ஓரெழுத்து, மகள் முழுப் பெயர். அந்தப் புத்தகத்தில் அப்பா முழுப் பெயர், மகள் ஓரெழுத்து.

"இவர் யாரு, பெரிய ஆளா?" என்றார் நூலகர்.

"ஓய்வுபெற்ற பெரிய கங்காணி."

அவர் சிரிக்கவில்லை. ஏழு வரிகளையும் நான் எழுதி முடிக்கும்வரை மேசை விளக்கைத் தள்ளி வைத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை டொக்டரின் விடுதிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு ஆளு பேரக் காட்டி, இது நான்தான்னு சொன்னா யாரு நம்புவா? நீங்க நம்புவீங்களா, நிருபர் ஐயா?"

நம்ப மாட்டேன் என்றேன். அப்போதுதான் முகவரி ஞாபகம் வந்தது. அந்தப் பெயரைக் கொண்டு அந்த வீட்டுக்கு யாராவது எழுதியிருந்தால் அட்டை யார் கைக்குப் போயிருக்கும்? ஒன்பதே முக்கால் பஸ்ஸில் ஸ்பிரிங்வெளி வீதிக்குப் போனோம்.

டொக்டரின் அப்பா வாசலில் குந்தி, வெற்றுத் தீப்பெட்டியில் பீன்ஸ் விதைகளைத் தேர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, முதுகு வளையவில்லை. டொக்டர் உட்காராமலே கேட்டார்.

"அப்பா, எனக்கு இல்ல, உங்க பேருக்குக் கடுதாசி வந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி பேப்பர்ல போடுவாரா?"

"போட மாட்டேங்க."

உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார். பூட்டு இருந்தது. பிரஜாவுரிமை மனுவின் நகல்கள், பழைய அரிசிக் கூப்பன் புத்தகங்கள், தோட்டத்துத் துரை கொடுத்த சான்றிதழ். அவற்றின்மேல் சணல் கயிற்றில் கட்டிய அஞ்சலட்டைகள். நான் எண்ணினேன்: முப்பத்தெட்டு. எல்லாம் வெளிநாட்டு முத்திரை. எல்லாவற்றிலும் அவர் பெயர்.

"ஏன்ப்பா சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? பேர வாசிச்சு தபால்காரன் குடுத்தான். முதலெழுத்து பிழையா இருக்குன்னான். கவுர்மெண்டு கடுதாசில என்னைக்கு சரியா இருந்துச்சு? நீ அரசாங்க வேலைல இருக்க. எம்மேல ஏதாச்சும் விசாரணைன்னா உனக்குத்தான கரைச்சல்."

மகளுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அப்பாவின் மனு இரண்டு முறை தள்ளுபடியாகி மூன்றாம் முறை விசாரணையில் இருந்தது. ஒரே வீட்டில் அப்படி இருப்பது தோட்டங்களில் அப்போது சாதாரணம்.

"வெளிநாட்டுல இருந்து எதுக்குப்பா விசாரிக்கிறாங்க?"

"நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாதா? தோட்டத்து ஆளுகள இந்தியாவுக்கு இத்தன பேரு, இங்க இத்தன பேருன்னு ரெண்டு கவுர்மெண்டும் பிரிச்சிச்சா? மிச்சம் கொஞ்சப் பேரப் பிறகு பாத்துக்குவோம்னு வச்சாங்கள்ல? அந்த மிச்சத்த யாருக்குக் குடுக்கிறது? அதான் ஒவ்வொரு நாட்டுக்காரனா எழுதிக் கேக்குறான்னு நெனச்சேன்." கட்டின்மேல் கையை வைத்தார். "குளிரு நாடு வேணாம்னு மட்டும் சொல்லலாம்னு இருந்தேன்."

டொக்டர் தரையில் உட்கார்ந்து ஓர் அட்டையை எடுத்து வாசித்தார். "இவரு நான் எழுதினதுல ஒரு பிரதி கேக்குறாரு."

"எதுக்கு?"

"படிக்க."

"இது?"

"இவரும் அதான் கேக்குறாரு."

"நம்ம தெமோதர கணக்கப்பிள்ள பேரு சொன்னதப் பத்தியா? அதுக்கா இத்தன பேரு?" முப்பத்தெட்டு அட்டையையும் மகளை வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினார். மதியம் தாண்டிவிட்டது.

வியாழக்கிழமைக்கு அட்டைகள் வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் அப்பா கட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எம்பேருக்கு வந்தது. நானே கொண்டாறேன்."

"நீங்க எதுக்குப்பா அவ்வளவு தூரம்?"

"மூணு விசாரணைக்குப் போயிருக்கேன் புள்ள. கடதாசி மட்டும் போனா ஆளு எங்கம்பாங்க. பேருக்குரிய ஆளு போகணும்."

அவர் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து புதன் காலை ரயிலில் ஏறினார். மடியில் அட்டைக் கட்டு. தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஒவ்வொரு நிலையத்திலும் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டொக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏழு வரிகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஐம்பது பிரதிக் கட்டு என் கால்மாட்டில். அந்தப் பாதையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். திரும்ப ஒரு முறை போகலாம் என்றால் அந்தப் பயணத்தைத்தான் கேட்பேன்.

வியாழன் பத்து மணிக்கு டொக்டரை உள்ளே அழைத்தார்கள். நானும் அவருடைய அப்பாவும் வெளியே வாங்கில். பத்து இருபத்தைந்துக்குக் கதவு திறந்து எங்களைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்பதால் என்னையும் சேர்த்து. குழுவில் மூன்று பேர். மேசையில் அந்தக் கட்டுரையும் நான் எழுதி வந்த ஏழு வரிகளும். தலைவர் அந்தப் பெயரைப் படித்து, நீங்கள்தான் இவரா என்று கேட்டார்.

டொக்டரின் அப்பா உட்காரவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்து, கையைப் பக்கத்தில் வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், திருச்சி ஜில்லா துறையூர்ப் பக்கத்தில் ஊர், பாட்டன் வந்து சேர்ந்த தோட்டம், தகப்பன் இருந்த டிவிஷன், தான் பிறந்த லயம், காம்பரா அறை இலக்கம், கூப்பன் இலக்கம், சம்சாரம் பெயர், சம்சாரம் இறந்த வருடம், பிள்ளைகள் மூன்று, அதில் உயிரோடு இருப்பது ஒன்று. தலைவர் போதும் என்று கையைத் தூக்கினார். அவர் நிறுத்தவில்லை. பாதிவரை மொழிபெயர்த்துவிட்டு நான் விட்டுவிட்டேன். டொக்டர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் தலைவர் கட்டுரையைத் தூக்கிக் காட்டினார். இதை எழுதியது நீங்களா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இல்லைங்க. எம்மக எழுதினது. பேரு மட்டும் என்னோடது."

"இந்த அட்டைகளை ஏன் இரண்டு வருடம் வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள்."

"கவுர்மெண்டு கடுதாசின்னு நெனச்சேங்க. அதயெல்லாம் யாருங்க தூக்கிப் போடுவா?"

குழுவில் வயதானவர் கயிற்றை அவிழ்த்து அட்டைகளை நாடு நாடாக மேசையில் பிரித்து வைத்தார். பதினொரு அடுக்கு. ஓர் அட்டையில் நின்று, கையெழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த ஆளைத் தனக்குத் தெரியும் என்றார். பிறகு டொக்டரிடம், ஒரு பிரதி தனக்கும் கிடைக்குமா என்று கேட்டார். டொக்டர் என் பக்கம் திரும்பினார். மண்ணிறத் தாளை நான் கிழித்துக் கொடுத்தேன்.

திரும்பும் ரயிலில் கூட்டம். நானுஓயா தாண்டியது. டொக்டரின் அப்பா மகளைக் கேட்டார்.

"அப்ப எந்த நாட்டுக்காரனும் நம்மளக் கேக்கல?"

"இல்லப்பா."

"ஒருத்தன்கூட?"

"உங்கள யாரும் கேக்கலப்பா. படிக்கத்தான் கேட்டாங்க."

"சரி" என்றார்.

டொக்டருக்கு அந்த வேலை கிடைத்தது. பெயரை இனி அவருடைய சொந்தப் பெயர் கடைசியில் வரும்படி மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று குழு யோசனை சொல்லியிருந்தது. அவர் மாற்றவில்லை. ஓய்வு பெறும்வரை எழுதியவை எல்லாம் அப்பாவின் பெயரின் கீழேயே அந்தத் தொகுதிகளில் ஏறின. மூன்றாவது மனுவும் தள்ளுபடியாகி, அப்பா அடுத்த வருடம் வைகாசியில் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.